ஈரம் போக்கும் கலை: தாழி முதல் அணு எரிபொருள் வரை

மண்கலம் வாங்கப் போகிறவர் அதைக் கையில் எடுத்து விரலால் தட்டிப் பார்ப்பது நம் நாட்டில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். கணீரென்று ஓசை எழுந்தால் நன்றாக வெந்திருக்கிறது என்று மகிழ்கிறோம். ஓசை மழுங்கியிருந்தால் சூளை சரியில்லை என்று ஒதுக்கிவிடுகிறோம். நன்மைக்கும் தீமைக்கும் நெருப்பையே பொறுப்பாக்குவது நம் இயல்பு. ஆயினும், ஒரு கலம் நிலைத்து நிற்குமா, பிளந்து போகுமா என்பது பெரும்பாலும் அது சூளைக்குள் செல்வதற்கு முன்னரே முடிவாகிவிடுகிறது. அதிலிருந்த ஈரம் எவ்வாறு நீங்கியது, நீங்கிய பின்னர் அது எத்தகைய இடத்தில் வைக்கப்பட்டிருந்தது என்னும் இரண்டையும் பொறுத்தே நெருப்பு தன் வேலையைச் செய்கிறது. உலர்த்தலும் காத்து வைத்தலும் ஆகிய இவ்விரண்டு எளிய காரியங்களுக்கும் நெடிய வரலாறு ஒன்று உண்டு. அவ்வரலாற்றின் அண்மைக் கால அத்தியாயம், தமிழர் பலர் குடியேறி வாழும் ஐதராபாத் நகரத்தில் எழுதப்பட்டது.

ஐதராபாத்தின் வடகிழக்கே, காப்ரா வட்டாரத்தில், ஏ.எஸ்.ராவ் நகர் என்னும் பகுதி உள்ளது. அய்யகாரி சாம்பசிவ ராவ் (1914–2003) என்னும் அறிஞரின் பெயரைத் தாங்கியது அது. டாக்டர் ஹோமி பாபாவுடன் இணைந்து இந்திய அணுசக்தித் துறையின் தொடக்க காலத்தில் உழைத்தவர் அவர். 1967-இல் ஐதராபாத்தில் இந்திய மின்னணுக் கழகத்தை நிறுவியவர். அக்கழகத்தின் ஊழியர்கள் வாழும் குடியிருப்பாகத் தோன்றிய இடம், இன்று கடைவீதிகளும் கல்விக்கூடங்களும் நிறைந்த பெரும் நகர்ப்பகுதியாக விளங்குகிறது. அதன் அண்டையிலேயே, 1971-இல் நிறுவப்பட்ட அணு எரிபொருள் வளாகம் இருக்கிறது. இவ்வளாகத்தில் உருவாகும் பொருள்களுள் முதன்மையானது, சிறு விரற்கடை அளவுள்ள ஒரு கரிய வில்லை. அது யுரேனியத்தாலானது, எனினும் உலோகமன்று. பொடியை அழுத்திச் சுட்டு இறுக்கிய பொருள் அது. சுருங்கச் சொன்னால், குயவரின் கைத்தொழிலுக்கு உறவான பொருள்.

பெயரும் பொருளும்

'செராமிக்' என ஆங்கிலத்தில் வழங்கும் சொல், 'கெரமோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது. குயவர் மண் என்பதும், அம்மண்ணால் ஆன கலம் என்பதும் அதன் பொருள். தமிழில் அதற்கு ஈடாக மட்பாண்டம், சுடுமண், பீங்கான் என்று பல சொற்களை ஆளுகிறோம். இவற்றுள் எதுவும் முழுப் பொருளையும் தருவதில்லை. விஞ்ஞானிகள் இன்று அப்பெயரால் குறிக்கும் பொருள்கள் பல களிமண்ணால் ஆனவை அல்ல. அலுமினிய ஆக்சைடும், ஜிர்க்கோனிய ஆக்சைடும், யுரேனிய ஆக்சைடும் அவற்றுள் அடங்கும். உலோகம் அல்லாத பொடியைத் திரட்டி, உருக்கொடுத்து, உருகாத அளவுக்குச் சுட்டு, கல்லைப் போல் இறுகச் செய்த பொருள் எதுவாயினும் அது இவ்வினத்தைச் சேர்ந்ததே. பொருள் மாறினும் படிகள் மாறவில்லை: திரட்டல், உருக்கொடுத்தல், உலர்த்தல், காத்தல், சுடுதல். இவ்வரிசையில் நடுவே நிற்கும் இரண்டு படிகளையே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொள்கிறோம்.

தாழி வனைந்தோர்

தாமிரபரணியின் கரையில், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் ஆதிச்சநல்லூர் என்னும் ஊர் உள்ளது. 1876-இல் ஜெர்மானியரான ஜாகோர் அங்கு முதன்முதலாகத் தோண்டிப் பார்த்தார். 1899 தொடங்கிச் சில ஆண்டுகள் அலெக்ஸாண்டர் ரீ என்பவர் விரிவாக அகழ்ந்து, பொன்னாலும் வெண்கலத்தாலும் இரும்பாலும் ஆன பொருள்களோடு, இறந்தோரை இட்டுப் புதைத்த பெருந்தாழிகளையும் வெளிக்கொணர்ந்தார். 2004-ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறை மீண்டும் அகழ்ந்தபோதும் தாழிகள் வரிசை வரிசையாக வெளிப்பட்டன. ஆள் ஒருவரைக் குந்தவைக்கத்தக்க அளவுடைய மட்கலங்கள் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பூமியின் ஈரத்தில் கிடந்தும் உருக்குலையாமல் வெளிவந்தன என்பது எளிய செய்தியன்று.

கணவனை இழந்த பெண்ணொருத்தி, தனக்கும் சேர்த்து இடமுண்டாகும்படி தாழியை அகலமாக வனையுமாறு குயவரிடம் வேண்டுவதாகப் புறநானூற்றில் ஒரு பாடல் உண்டு. அவள் துயரம் படிப்போர் நெஞ்சை உருக்கும். அவ்வேண்டுகோளைக் கேட்ட குயவரின் நிலையையும் நாம் சற்று எண்ணிப் பார்க்கலாம். கலம் அகல அகல, அதன் சுவரும் தடிக்க வேண்டும். சுவர் தடித்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளிவர நாள் பல ஆகும். வாய் உலர்ந்து அடி ஈரமாயிருந்தால் நடுவே வெடிப்பு ஓடும். ஆகவே பெரிய தாழி வேண்டுமென்றால், உருக்கொடுக்கும் கைத்திறத்தைவிட மிகுதியாக வேண்டப்படுவது உலர்த்தும் பொறுமையே.

ஏ.எஸ்.ராவ் நகரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள மௌலா அலி குன்றுப் பகுதியிலும் இத்தகைய பழைமை உண்டு. பெருங்கற்காலத்தைச் சேர்ந்த புதைகுழிகள் அங்கே நிஜாம் ஆட்சிக் காலத்தில் அகழப்பட்டு, மட்கலங்களும் இரும்புப் பொருள்களும் எடுக்கப்பட்டன. தாமிரபரணிக் கரையிலும் தக்காணப் பாறைகளின் நடுவிலும் வாழ்ந்த மக்கள் ஒரே வகைக் கல்வியைக் கற்றிருந்தனர் என்பதற்கு இக்கலங்களே சான்று. அக்கல்வி ஏட்டில் எழுதப்படவில்லை; கையிலிருந்து கைக்கு வந்தது.

ஈரம் நீங்கும் முறை

அக்கல்வியின் காரணத்தை விஞ்ஞானம் பின்னர் விளக்கிற்று. களிமண்ணின் நுண்துகள்கள் தட்டையான செதில்களைப் போன்றவை. ஒவ்வொரு செதிலையும் மெல்லிய நீர்ப்படலம் சூழ்ந்திருக்கிறது. அப்படலத்தின் மீது செதில்கள் வழுக்கிச் செல்வதனாலேயே மண் குழைந்து, விரும்பிய வடிவத்தை ஏற்கிறது. காற்றுப் படும்போது இந்நீர் முதலில் வெளியேறுகிறது. நீர் போன அளவுக்குச் செதில்கள் நெருங்கி வருகின்றன, கலம் சுருங்குகிறது. பத்து அங்குல உயரத்தில் வனைந்த கலம், உலர்ந்தபின் அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரை குறைவது உண்டு. செதில்கள் ஒன்றையொன்று தொட்டவுடன் சுருக்கம் நின்றுவிடுகிறது. எஞ்சிய நீர் இடுக்குகளில் தங்கி, பின்னர் மெல்ல வெளியேறுகிறது. அந்நிலையில் மண்ணின் நிறம் வெளிறுவதைக் கண்டே கைதேர்ந்தவர்கள் நிலைமையை அறிந்துகொள்வர்.

ஆபத்து முழுவதும் முதற் கட்டத்திலேயே இருக்கிறது. கலத்தின் விளிம்பு விரைவில் உலர்ந்து சுருங்க முயலும். ஈரமான நடுப்பகுதி சுருங்க மறுக்கும். இவ்விரண்டின் இழுபறியில் கலம் கோணும், அல்லது கீறல் விடும். அக்கீறல் கண்ணுக்குப் புலப்படாத அளவு நுண்ணியதாக இருக்கலாம். சூளை அதைப் பெரிதாக்குமேயன்றி ஒருநாளும் ஆற்றாது. இக்காரணத்தினாலேயே நம் குயவர்கள் வனைந்த கலத்தை நிழலில் வைக்கிறார்கள். காற்று வீசும் பக்கம் மாற்றித் திருப்புகிறார்கள். விளிம்பை ஈரத்துணியால் மூடுகிறார்கள். பாதி உலர்ந்த பதத்தில் உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் தட்டி அடிப்பாகத்தைக் கூட்டுகிறார்கள். மண்ணோடு மணலைச் சேர்ப்பதும் ஈரம் வெளியேற வழி செய்வதற்கே. சக்கரத்தில் அமர்பவர் ஆடவரே ஆயினும், மண்ணைப் பக்குவம் செய்வதும் கலங்களை உலர்த்துவதும் பல குடும்பங்களில் பெண்டிர் கையில் இருக்கின்றன. வனைந்தவர் பெயரைச் சொல்லும் உலகம், உலர்த்தியவர் பெயரைச் சொல்லுவதில்லை.

உலர்ந்துவிட்டதாகத் தோன்றும் கலத்திலும் சிறிது நீர் எஞ்சியிருக்கும். சூளையில் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டும்போது அது ஆவியாக மாறுகிறது. நீர் ஆவியானால் அதன் கன அளவு ஏறத்தாழ 1,600 மடங்கு பெருகும். வெளியேற வழி இல்லையெனில் கலம் படீரென்று வெடிக்கும். பக்கத்திலுள்ள கலங்களையும் சிதைக்கும். முதற்சில நாழிகை சூளையில் மெல்லிய புகைநெருப்பே இடப்படுவது இதனாலேதான். அதன் பின்னர் 450 டிகிரி முதல் 600 டிகிரி வரையில், மண்ணின் அணுக்கட்டமைப்போடு பிணைந்திருந்த நீரும் பிரிந்து போகிறது. அந்நிலையைக் கடந்த மண் மீண்டும் குழையாது. வள்ளுவர் வினைத்தூய்மை என்னும் அதிகாரத்தில், தீய வழியில் வந்த செல்வத்துக்குச் சுடாத பச்சைமண் கலத்தில் வைத்த நீரை உவமையாக்கினார். உலர்ந்த கலத்துக்கும் சுட்ட கலத்துக்கும் உள்ள இவ்வேறுபாட்டைத் தமிழர் அக்காலத்திலேயே நன்கறிந்திருந்தனர்.

மழையும் குயவரும்

உலர்த்தியதோடு கவலை தீர்ந்துவிடுவதில்லை. உலர்ந்த பச்சைக் கலம் காற்றிலுள்ள ஈரத்தை மறுபடியும் பருகும் இயல்புடையது. மழைக்காலத்தில் பத்து நாள் கூரையின் கீழ் வைத்திருந்த கலம், முதல் நாள் உலர்த்திய கலத்தினும் ஈரமுடையதாக இருத்தல் கூடும். தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கிறது. கார்த்திகை அகல் விளக்குகளுக்கும் பொங்கற் பானைகளுக்கும் கிராக்கி மிகும் காலமும் அதுவே. மக்கள் கலங்களை மிகுதியாக வேண்டும் வேளையில் வானம் அவற்றை உலர விடுவதில்லை. இத்தொழிலின் பெருந்துன்பம் இம்முரணில் அடங்கியிருக்கிறது. மழைக்காலத்தில் வேலையிழக்கும் மண்பாண்டத் தொழிலாளர்களுக்குத் தமிழக அரசு உதவித்தொகை வழங்குவது, உலர்த்தும் வெயிலும் ஒரு முதலீடே என்பதை ஒப்புக்கொண்ட செயலாகும்.

சுட்ட பின்னரும் ஈரத்தின் உறவு முற்றிலும் அறுபடுவதில்லை. குறைந்த சூட்டில் வெந்த மண், காற்றின் ஈரத்தை மிக மெதுவாக ஏற்றுக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் அணு அளவாக விரிவடைகிறது. மெருகு பூசிய ஓடுகளில் காலப்போக்கில் வலைபோன்ற கீறல்கள் தோன்றுவதற்கு இவ்விரிவும் ஒரு காரணம். இங்கிலாந்தின் மான்செஸ்டர், ஸ்காட்லாந்தின் எடின்பரோ ஆகிய பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், இவ்வாறு ஏற்ற ஈரத்தின் எடையைக் கொண்டே பழைய செங்கல்லின் வயதைக் கணிக்கும் முறையொன்றை 2009-இல் வெளியிட்டார்கள். கலம் தான் வாழ்ந்த காலத்தை ஈரத்தின் வாயிலாகக் கணக்கு வைத்துக்கொள்கிறது என்றே சொல்லலாம்.

வண்ணப் பொடியாய் வந்த யுரேனியம்

இனி, மண்ணை விட்டு யுரேனியத்துக்கு வருவோம். 1789-இல் ஜெர்மானிய ரசாயன அறிஞர் கிளாப்ரோத் இத்தனிமத்தைக் கண்டறிந்தார். தாம் பிரித்தெடுத்த கரிய பொடியை உலோகம் என்று அவர் கருதினார். 1841-இல் பிரெஞ்சு அறிஞர் பெலிகோ, அப்பொடி உலோகமன்று, ஆக்சைடே என்று மெய்ப்பித்து, உண்மையான உலோகத்தையும் பிரித்துக் காட்டினார். ஆக, 52 ஆண்டுகள் உலகம் யுரேனிய ஆக்சைடையே யுரேனியம் என்று நம்பிக்கொண்டிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதற்குக் கிடைத்த வேலையும் கலத்தொழிலைச் சார்ந்ததே: கண்ணாடிக்கும் பீங்கான் மெருகுக்கும் மஞ்சள், ஆரஞ்சு வண்ணங்களை ஊட்டுவது. அணுவின் ஆற்றல் வெளிப்படுமுன், யுரேனியம் சூளையில் ஒரு வண்ணப் பொடியாக இருந்தது.

அணு உலைகள் தோன்றியபோது முதலில் யுரேனிய உலோகமே எரிபொருளாயிற்று. நம் நாட்டில் டிராம்பேயிலுள்ள சைரஸ் ஆராய்ச்சி உலைக்கு 1959-இல் இந்தியர்கள் செய்த எரிபொருளும் உலோகமே. ஆனால் மின்சாரம் எடுக்கும் பெரிய உலைகளில், கொதிக்கும் நிலையிலுள்ள நீரோடு உறவாட வேண்டிய இடத்தில், உலோகம் நெடுநாள் தாங்கவில்லை. வீங்கியது, நீரால் அரிக்கப்பட்டது. யுரேனியம் டையாக்சைடோ 2,800 டிகிரி வரையில் உருகுவதில்லை. நீருக்கும் எளிதில் மசிவதில்லை. 1957-இல் அமெரிக்காவில் ஷிப்பிங்போர்ட் மின்நிலையத்தில் ஆக்சைடு வில்லைகள் பயன்பட்டன. அன்று முதல் உலகின் அணுமின் நிலையங்களுள் மிகப் பெரும்பாலானவை, சுட்ட பொருளையே எரிபொருளாகக் கொண்டு இயங்கி வருகின்றன.

ஐதராபாத்தில் எழுந்த சூளை

இந்தியாவில் தாராப்பூர் நிலையம் 1969-இல் மின்சாரம் வழங்கத் தொடங்கியது. ராஜஸ்தானில் கனடாவின் துணையோடு அமைந்த முதல் உலை 1972-இல் இயங்கத் தொடங்கியது. அதற்கு முதன்முறை இட்ட எரிபொருளில் பாதி கனடாவிலிருந்து வந்தது. மறுபாதி டிராம்பேயில் செய்யப்பட்டது. ஆராய்ச்சிக்கூடத்தில் கற்ற இக்கலையை ஆலைத்தொழிலாகப் பெருக்கும் பொருட்டே ஐதராபாத்தில் அணு எரிபொருள் வளாகம் எழுந்தது. உலோகவியல் அறிஞர் பிரம்ம பிரகாஷ் (1912–1984) அதன் உருவாக்கத்தில் பெரும்பங்கு கொண்டார்.

1974-ஆம் ஆண்டு மே மாதம் பொக்ரானில் இந்தியா அணுவெடிப்புச் சோதனை நடத்தியது. அதனைத் தொடர்ந்து கனடா தன் உதவியை நிறுத்திக்கொண்டது. அயல்நாட்டு ஆலையொன்றில் கேட்டு வாங்கலாம் என்னும் வழி அடைபட்டது. கனநீர் உலைகளுக்கு வேண்டிய எரிபொருளின் தரத்துக்கு ஐதராபாத்தே முழுப்பொறுப்பையும் ஏற்க வேண்டியதாயிற்று. அத்தகைய 220 மெகாவாட் உலை ஒன்றுக்கு 3,672 எரிபொருள் கட்டுகள் வேண்டும். ஒவ்வொரு கட்டிலும் 19 குழாய்கள். அக்கட்டில் ஏறத்தாழ 15 கிலோ யுரேனியம் டையாக்சைடு. உலை முழுவதிலும் ஐம்பது டன்னுக்கு மேற்பட்ட சுட்ட வில்லைகள் அடுக்கப்பட்டிருக்கும். அவற்றுள் ஒரு குழாய் பழுதுபட்டாலும் கதிரியக்கப் பொருள் குளிர்விக்கும் நீரில் கலக்கும்; அக்கட்டைத் தேடிப்பிடித்து வெளியேற்றியாக வேண்டும்.

மூன்று காவல்கள்

இவ்வில்லையைச் செய்யும் முறையை நோக்கினால், குயவர் கண்ட இடர்கள் மூன்றும் புதிய வேடத்தில் எதிர்ப்படுவதைக் காணலாம்.

முதலாவது, உலர்த்தல். சுரங்கத்திலிருந்து வந்த யுரேனியப் பொருளை நைட்ரிக் அமிலத்தில் கரைத்துத் தூய்மை செய்து, அக்கரைசலில் அம்மோனியாவைச் சேர்க்கிறார்கள். அம்மோனியம் டையுரனேட் என்னும் மஞ்சள் நிறப் படிவு திரள்கிறது. வடித்தெடுத்தபோது அது சேற்றைப் போன்றே இருக்கும். அதை உலர்த்துகையில், துகள்களின் இடையேயுள்ள நீர் வெளியேறும்போதே அவற்றை ஒன்றோடொன்று இழுத்துச் சேர்க்கிறது. கட்டியாக உலரவிட்டால் துகள்கள் கெட்டியான திரளைகளாகிவிடும். பின்னர் வறுத்தாலும், ஹைட்ரஜன் வாயுவில் சூடாக்கி டையாக்சைடாக மாற்றினாலும், அத்திரளைகள் தம் உருவை எளிதில் விடுவதில்லை. அழுத்தும் அச்சிலும் உடையாமல் நின்று, சுட்ட வில்லையில் பொத்தல்களாக வெளிப்படும். இதற்கு மாற்றாகக் கண்டறியப்பட்ட முறைகளுள் ஒன்று, குழம்பை நுண்துளிகளாக வெப்பக்காற்றில் தெளித்து உலர்த்துவது. ஒவ்வொரு துளியும் தனித்தனியே உலர்ந்து சிறு உருண்டையாவதால், பொடி மணலைப் போல் சீராக ஓடி அச்சை நிரப்புகிறது. உலர்த்தும் அறையில் நேர்ந்ததை 1,700 டிகிரிச் சூளையும் மறக்கச் செய்வதில்லை என்பதே இதன் படிப்பினை.

இரண்டாவது, காத்து வைத்தல். புதிதாகச் செய்த யுரேனியம் டையாக்சைடுப் பொடி மிக நுண்ணியது. ஒரு கிராம் பொடியின் மேற்பரப்பு சில சதுர மீட்டர் இருக்கும். இத்தனை பரப்பும் காற்றைக் கண்டவுடன் பிராணவாயுவைப் பற்றிக்கொள்ளும். கட்டுக்கடங்காது போனால் பொடி தானாகவே தீப்பற்றி எரியும். எனவே சிறிதளவு காற்றை மெல்லச் செலுத்தி, துகள்களின் புறத்தே மட்டும் மெல்லிய ஆக்சைடுப் போர்வை உண்டாகும்படி செய்து பொடியை அமைதிப்படுத்துகிறார்கள். தூய நிலையில் யுரேனிய அணு ஒன்றுக்குப் பிராணவாயு அணுக்கள் இரண்டு. அமைதிப்படுத்திய பொடியில் அவ்விகிதம் இரண்டைச் சற்றே தாண்டி நிற்கும். ஈரக்காற்றுப் படும்படி வைத்திருந்தால் அது நாளடைவில் மேலும் ஏறும். விகிதம் மாறினால், சூளையில் பொடி இறுகும் வேகமும் மாறும். திங்களன்று அழுத்திய பொடியும், மழைவாரம் கழிந்து அழுத்திய அதே பொடியும் ஒரே அளவு வில்லையைத் தருமென்று நம்ப இயலாது. ஆகவே நன்கு மூடிய கலன், உலர்ந்த காற்று, வைத்திருந்த நாளின் கணக்கு ஆகியவை இத்தொழிலில் சூளையின் வெப்பமானிக்கு ஒப்பான கருவிகள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை பெய்யும் ஐதராபாத்தில் இக்காவலின் அருமை சொல்லாமலே விளங்கும்.

சுட்ட வில்லைக்கு இவ்வச்சம் குறைவு. அழுத்திய நிலையில் பொருளின் உச்ச அடர்த்தியில் பாதியளவே இருந்த வில்லை, சூளையில் ஒவ்வொரு புறமும் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறையச் சுருங்கி, உச்ச அடர்த்தியில் நூற்றுக்கு 96 அளவை எட்டுகிறது. வெளியே திறந்த துளைகள் அடைபடுகின்றன. மேற்பரப்பு சுருங்கியதால் சாதாரண வெப்பத்தில் அது நெடுநாள் மாறாதிருக்கும். பச்சைக் கலத்துக்கும் சுட்ட கலத்துக்கும் உள்ள அதே வேறுபாட்டை இங்கும் காண்கிறோம்.

மூன்றாவது, எஞ்சிய ஈரம். சூளையிலிருந்து வந்த வில்லையைத் துல்லியமான விட்டத்துக்குச் சாணை பிடிக்க வேண்டும். அவ்வேளையில் வில்லை நீரில் நனைகிறது, பின்னர் கழுவப்படுகிறது. நெருப்பைக் கடந்து வந்த பொருள் மறுபடியும் ஈரத்தைச் சந்திக்கிறது! அதை முற்றிலும் உலர்த்தாமல் குழாயில் இட்டு மூடிவிட்டால், தீங்கு உள்ளேயே அடைபட்டுவிடும். குழாய் ஜிர்க்காலாய் என்னும் கலப்பு உலோகத்தாலானது. அதன் சுவரின் கனம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. உலையின் வெப்பத்தில் எஞ்சிய நீர் சிதைந்து, பிராணவாயு ஒருபுறம் சேர, ஹைட்ரஜன் தனித்து நிற்கும். அது குழாயின் உட்புறத்தில் பலவீனமான இடமொன்றைத் தேடி நுழைந்து, உலோகத்தை ஹைட்ரைடு என்னும் நொறுங்கும் பொருளாக மாற்றிவிடும். அவ்விடம் கொப்புளமாகி வெடிக்கும்.

1960-களின் இறுதியிலும் 1970-களின் தொடக்கத்திலும் மேலைநாட்டு உலைகளில் எரிபொருள் குழாய்கள் பழுதுபட்டதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று இவ்வாறு உள்ளே தங்கிய ஈரமே என்று ஆராய்ச்சி வெளிப்படுத்தியது. அதன் பயனாக விதிகள் இறுக்கப்பட்டன. சாதாரண நீர் உலைகளுக்கான வில்லைகளில் ஹைட்ரஜன், யுரேனியத்தின் எடையில் பத்து இலட்சத்தில் இரண்டு பங்குக்கு மேற்படலாகாது என்பது சர்வதேச அளவில் வழங்கும் தரநிர்ணயம். இதனை நீராகக் கணக்கிட்டால், ஒரு கிலோ வில்லைகளில் ஒரு துளி நீரில் மூன்றிலொரு பங்களவே இருக்கலாம்! கனநீர் உலைக் குழாய்களின் உட்புறத்தில் பென்சில் கரியைப் போன்ற கிராஃபைட்டுப் பூச்சு இடுகிறார்கள். அப்பூச்சையும் காற்றகற்றிய உலையில் சூடாக்கி, எஞ்சிய ஈரத்தைப் போக்கிய பின்னரே வில்லைகளை அடுக்குகிறார்கள். ஒரு காலத்தில் குயவர் சூளைவாயிலில் இட்ட மெல்லிய புகைநெருப்பின் வேலையை இங்கே இச்சிறு உலை செய்கிறது.

தமிழகம் தந்ததும் பெற்றதும்

இவ்வரலாற்றில் தமிழகத்துக்கு உள்ள பங்கையும் நாம் குறிப்பிடுதல் வேண்டும். ஜிர்க்காலாய்க் குழாய்க்கு மூலமான ஜிர்க்கான், கடற்கரை மணலில் கிடைப்பது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் இந்திய அருமணல் நிறுவனம் அதைப் பிரித்தெடுக்கிறது. பின்னர் 2009-இல், தூத்துக்குடி மாவட்டம் பழையகாயலில் ஜிர்க்கோனிய வளாகம் ஒன்று அணு எரிபொருள் வளாகத்தின் கிளையாக இயங்கத் தொடங்கியது. பழையகாயல் தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்துக்கு அண்மையில் உள்ள ஊர். அதே ஆற்றின் கரையில், சிறிது தூரம் மேலே சென்றால், ஆதிச்சநல்லூர்த் தாழிக்காடு. ஓர் ஆற்றின் கரைகளிலேயே இத்தொழிலின் பழைமையும் புதுமையும் அமைந்திருப்பது எண்ணி மகிழத்தக்கது.

தமிழகம் இதனால் பெற்றதும் உண்டு. கல்பாக்கத்தில் முதல் மின் உலை 1983-இலும், இரண்டாவது 1985-இலும் இயங்கத் தொடங்கின. கூடங்குளத்து உலைகளுக்கு எரிபொருள் ருஷியாவிலிருந்து வருகிறது. கல்பாக்கத்துக் கனநீர் உலைகளுக்கோ ஐதராபாத்திலிருந்தே சென்றது. அங்கே எரிந்த வில்லைகள் ஒவ்வொன்றும் முன்னர் மஞ்சட் சேறாக இருந்து, உலர்ந்து, மூடிய கலனில் காத்திருந்து, அதன் பின்னரே நெருப்பைக் கண்டவை.

ஏ.எஸ்.ராவ் நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் தம் ஊராக்கிக் கொண்டோருள், நாட்டின் பல மூலைகளிலிருந்தும் பிழைப்புக்காக வந்தவர்கள் பலர். தமிழர்களும் அவர்களுள் உண்டு. அவர்கள் குழந்தைகள் கார்த்திகையன்று வாயிற்படியில் ஏற்றும் அகல், தெலுங்கு நாட்டுக் குயவர் கையால் ஆனதாக இருக்கும். அவ்வகலையும், சில தெருக்களுக்கு அப்பால் உருவாகும் அணு வில்லையையும் ஒரே இலக்கணம் ஆளுகிறது. அவ்விலக்கணத்தை மாற்ற எந்த அரசாணைக்கும் இயலாது. எந்தப் பேரியந்திரத்துக்கும் இயலாது. ஈரம் தனக்குரிய காலத்தை எடுத்துக்கொண்டே வெளியேறும். அவசரப்பட்டவனுக்கு அது கீறலை விட்டுச் செல்லும். அசட்டையாய் இருந்தவனிடம் அது அறியாமல் திரும்பி வரும்.

குயவனுக்குப் பல நாள், தடியடிக்காரனுக்கு ஒரு நொடி என்பது நம் பழமொழி. அப்பல நாள்களில் பெரும்பாலானவை உலர்த்துவதிலேயே கழிகின்றன என்பதைப் பழமொழி சொல்லாமல் விட்டது. தாழியின் விளிம்பில் ஈரத்துணி போர்த்திய கையும், பொடிக்கலனின் மூடியைச் சரிபார்த்து நாளைக் குறித்து வைக்கும் கையும் செய்வது ஒரே தொழில். சூளையைப் புகழும்போது அக்கைகளையும் நினைவில் கொள்வது நம் கடன்.